பிளாக் செய்த எண்

காலை பத்து மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி மூழ்கிவிட்டது, ஆட்களைக் காணவில்லை. பதினொன்றுக்குள் கீழவைப்பாரில் எமில்டாவின் வீட்டில் நிற்க இடமில்லை. அவள் கணவன் கிளைட்டன் அந்தத் தோணியில்தான் போயிருந்தான். பக்கத்து வீட்டு ஜாயின் கணவன் ஞானையாவும் அதில்தான்.

தோணி முதலாளி போனை அணைத்துவிட்டார். குழுவில் அதற்குள் யாரோ கிளைட்டனின் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி போட்டிருந்தார்கள்.

"அங்கன நமக்கு ஆரும் இருக்காவளாக்கா?" என்றாள் ஜாய்.

ஒருவன் இருந்தான். எமில்டாவின் தங்கை இசபெல்லாவின் கணவன் முத்துச்செல்வம். மாலே துறைமுகத்தில் வேலை. ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊர்க்காரன், வேறு மதம். இசபெல்லா அவன் ஊரில்தான் இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் அந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் ஒருவரும் போகவில்லை. அன்றைக்கே எல்லாரும் இசபெல்லாவின் எண்ணை பிளாக் செய்திருந்தார்கள்.

எமில்டா பிளாக்கை நீக்கிவிட்டு அழைத்தாள். தங்கை எடுக்காவிட்டால்? முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏக்கா! நேத்து சாயங்காலத்துல இருந்து அடிக்கேன், ஒருத்தர் நம்பரும் போவ மாட்டேங்கு. அத்தான் உசுரோட இருக்காவ. மீன்பிடி போட்டுக்காரங்க தூக்கியிருக்காங்க. இவுகதான் ஆஸ்பத்திரில கூட இருக்காவ."

அடுத்த நிமிடம் முத்துச்செல்வமே வீடியோவில் வந்தான். அவனிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"பயப்படாதிய மதினி. தோள்தான் முறிஞ்சிருக்கு." போனைத் திருப்பினான். மூக்கில் குழாயோடு கிளைட்டன் கையை லேசாக அசைத்தான்.

எமில்டாவுக்கு மூச்சு திரும்பியது. ஆனால் ஜாயின் விரல்கள் அவள் கையை இறுக்கிக்கொண்டிருந்தன.

"ஞானையா?" என்றாள் எமில்டா.

முத்துச்செல்வம் போனைத் தன் பக்கம் திருப்பினான். "அஞ்சு பேருல நாலு பேரத்தான் கொண்டாந்திருக்காவ. அவரத் தேடுதாங்க. இப்ப அந்தக் கோஸ்ட்கார்டு ஆபீசுக்குத்தான் போறேன்."

"தம்பி, போன வச்சிராதிய. இங்கன அவரு பொஞ்சாதி நிக்கா. அடையாளம் சொல்லுவா, கேட்டுக்கிடுங்க."

ஜாய் சொன்னாள். பச்சைச் சட்டை, இடது புருவத்தில் தழும்பு.

அன்று சாயங்காலப் பேருந்தில் இசபெல்லா வந்து இறங்கினாள். யாரும் பழசைப் பேசவில்லை. மூன்று பேரும் போனைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். முத்துச்செல்வம் மணிக்கொருதரம் அழைத்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் ஜாய் எழுந்து நின்றாள்.

நான்காம் நாள் மதியம், ஜாய் தன் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், தேடுதலை நிறுத்திவிட்டதாக முத்துச்செல்வம் சொன்னான். அதை ஜாயிடம் யார் சொல்வது? அக்காவும் தங்கையும் அடுப்படியில் வெகுநேரம் நின்றார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே அவள் வீட்டுக்குப் போனார்கள்.