மரியோவுக்கு ஒரு மரநிழல்

கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் கிளிபோட் வீட்டு ஹோலுக்குள் முதலாவது பேரீச்ச மரத்தின் நிழல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குப்பை லொறி வந்து போன கையோடு. மரம் இல்லை. நிழல் மட்டும் பல்கனிக் கதவடியில் தொடங்கி, கார்பெட்டில் நீண்டு, ரீவிக்குக் கீழே ஓலைத் தலையை விரித்தபடி கிடந்தது. வெளியே முகில் மூடி மழை தூறிக்கொண்டிருந்ததால் வெயிலின் மேல் பழியைப் போடவும் வழியில்லை. மனைவி ஜூலி, மகள் எதையோ ஊற்றிவிட்டாள் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். பிறகு பதினோராம் மாடியில் குடியிருக்கும் ஏசி திருத்துகிற ஹபீபுல்லாஹ்வைக் கூப்பிட்டார்கள். அவர் பல்கனிக்குப் போய் மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணை, உது வெளியாலை இருந்து வாறதில்லை. ஆனா நல்ல குளிர்த்தி" என்று சொல்லி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதற்குள் நின்று ஆறுதல் எடுத்துக்கொண்டு போனார்.

கிளிபோட்டுக்கு அந்த நிழலைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்தது. பகலில் அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ஆகாயப் படங்களில் கூரைகளை அளக்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம், முகம் பார்த்தறியாத பல நாட்டுக்காரரோடு சேர்ந்து போர்களை அளந்தார். யாரும் பார்க்கக்கூடியதாக இணையத்தில் கிடக்கிற வீடியோக்களையும் விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களையும் ஒப்பிட்டு, எந்தக் குண்டு எங்கே எப்போது விழுந்தது, எந்தத் தோட்டம் எரிந்தது, எந்த ஆற்றில் எண்ணெய் கலந்தது என்று நிறுவுவது அந்தக் கூட்டத்தின் வேலை. சம்பளம் கிடையாது. கிளிபோட்டின் கெட்டித்தனம் நிழலில் இருந்தது. ஒரு தண்ணீர்த் தாங்கியின் நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நீளத்துக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்தே நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுவார். மன்னாரில் தான் தப்பி வந்த போரை ஒருவரும் அளக்கவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது, அதை அவர் ஒளித்ததும் இல்லை. நிழல் வருவதற்கு முந்தின வாரம்தான் தொலைதூரத்துத் தோப்பு ஒன்றை முடித்திருந்தார். குண்டு போட்ட நாட்டின் அமைச்சர், அந்த மரங்கள் வறட்சியில் எப்போதோ செத்தவை என்று சொல்லியிருந்தார். எரிந்ததற்கு முதல் நாள் அவை முழுத்தலையோடு நின்றதை கிளிபோட் நிழல்களை வைத்து மரம் மரமாகக் காட்டினார். அறிக்கை வெளியானது. அமைச்சர், அதை உறுதிப்படுத்த முடியாது என்றார். அன்றோடு அந்தக் கதை முடிந்தது. அதற்கு அடுத்த நாள்தான் அந்தத் தோப்பின் முதல் மரம் ஹோலுக்குள் வந்தது, வாரம் முடிவதற்குள் முழுத்தோப்பும் வந்து சேர்ந்தது.

பிறகு வந்த வருஷங்களில் கிளிபோட் எதை நிறுவினாரோ அதன் நிழல் வீட்டுக்கு வந்தது. அங்கே அழிந்த நேரம் எதுவோ இங்கேயும் கடிகாரத்தில் அதே நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் வந்து, கொஞ்சம் தங்கிவிட்டுப் போகும். கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் உள்ள நேர வித்தியாசம் நிழல்களுக்குத் தெரியவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் நின்ற குதம் ஒன்று எரிந்த புகையின் நிழல் மத்தியானத்துக்குப் பிறகு குசினியை மூடுவதால், ஜூலி பட்டப்பகலில் லைட் போட்டுக் கறி கூட்டப் பழகினாள். அணை உடைந்து காய்ந்துபோன சதுப்பு நிலத்தின் கொக்குகள் நாலு மணிக்குச் சுவரின் குறுக்கே பறந்து படுக்கையறைக்குள் போயின. பல்கனியில் மரம் வளர்ப்பது வாடகை ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று கட்டட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. ஆளனுப்பிப் பார்த்து மரம் இல்லை என்று கண்டதும், நிழலைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லாததால் பேசாமல் விட்டது. கிளிபோட் அந்த நிழல்களைப் படமெடுத்துத் தன் கூட்டத்துக்கு அனுப்பினார். எங்கிருந்து கிடைத்தது என்று நிறுவமுடியாத படங்களை ஏற்கமுடியாது என்று மறுமொழி வந்தது. "அப்பா, சோர்ஸ் என்ன எண்டு கேட்டா எங்கட லிவிங் ரூம் எண்டு சொல்லுவீங்களா? கம் ஓன்" என்று மகள் மெலனி சிரித்தாள். அவள் ஸ்காபரோவில் பிறந்தவள். அவளுக்கு அந்த நிழல்களுக்குள் படுத்திருந்துதான் பரீட்சைக்குப் படிக்க வரும்.

மனிதர்களும் வந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒருவர், வரிசையில் நின்ற பெண்கள். ஜூலி அந்த நேரங்களில் வக்கியூம் போடுவதை நிறுத்தினாள். ஒருமுறை, சந்தையொன்றில் பாண் சுட்டு அடுக்கிய தட்டோடு சுவரில் சாய்ந்து நின்ற பெண்ணின் வீடியோவை கிளிபோட் முடித்தபோது, இடிந்த சுவரின் நிழல் வந்தது, அவளுடைய நிழல் வரவில்லை. சில மாதங்களின் பின் அந்தப் பெண் கையில் பிளாஸ்டரோடு வேறொரு செய்தியில் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வீட்டாருக்கு விளங்கியது, இல்லாமல் போனவைதான் வருகின்றன, உயிரோடு இருப்பவர்களின் நிழல் அவர்களோடேயே இருந்துகொள்கிறது என்று. ஜூலி இதைக் கேட்டதும் எழும்பிக் குசினிக்குள் போனாள். அவள் யாரை நினைத்தாள் என்பது கிளிபோட்டுக்குத் தெரியும்.

ஜூலியின் தம்பி மரியோ இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, போரின் கடைசி மாதங்களில் கடற்கரைப் பக்கம் காணாமல் போனவன். செத்தான் என்று சொல்ல ஒருவருமில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஒருவருமில்லை. நவம்பரில் செத்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிக்கும்போது ஜூலி அவன் பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை. ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்க நாள் வேண்டும், அவளிடம் நாள் இல்லை. "நாள் தெரியாத ஆளுக்கு நான் என்னண்டு பூசை குடுக்கிறது?" என்று கேட்பாள். அவனுடைய படம் செத்தவர்களின் படங்களோடும் சேராமல், இருப்பவர்களின் படங்களோடும் சேராமல், மைக்ரோவேவுக்கு மேலே தனியாக நின்றது.

போன பனிக்காலம் ஐரோப்பாவில் யாரோ ஒருவர் பழைய போன் ஒன்றிலிருந்த வீடியோக்களை இணையத்தில் ஏற்றினார். அதிலொன்றை கிளிபோட் பார்த்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணி கொண்டுவந்த ஜூலி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தலையறுந்த பனைகள், தறப்பாள் கூடாரங்கள், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் கான் தூக்கிப் போகிற ஒருவன். முகம் தெரியவில்லை. இடது தோள் மட்டும் மேலே ஏறியிருந்தது. சின்ன வயதில் வள்ளத்திலிருந்து விழுந்து மரியோவின் தோளெலும்பு அப்படித்தான் பொருந்தியிருந்தது. பிறகு படம் ஆடிப் புழுதியாகி நின்றது. "உவன் மரியோதான்" என்றாள். "நீங்கள் உதைப் பாருங்கோ. வந்தா வரட்டும். வராட்டி அவன் இருக்கிறான்தானே." கிளிபோட் ஆயிரம் சாட்டுச் சொல்லிப் பனிக்காலம் முழுவதும் இழுத்தடித்தார். ஜூலி விடவில்லை. கடைசியில் கடல்நீரேரியின் வளைவையும், சிறு கோயிலொன்றின் உடைந்த முனையையும், பனைகளையும் செய்மதிப் படத்தில் பொருத்தி இடத்தைப் பிடித்தார். நேரம் அதைவிட லேசாகக் கிடைத்தது. அந்தப் பக்கங்களில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேரே உச்சிக்கு மேலே நிற்கும். வீடியோவில் எந்தப் பனைக்கும் நீண்ட நிழல் இல்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம், நடு மத்தியானம்.

அடுத்த நாள் ஜூலி வேலைக்குப் போகவில்லை. மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு மெலனியோடு சோபாவில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மற்ற மனிதர்களின் நிழல்கள் அங்கேதான் விழுவது வழக்கம். கிளிபோட் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். பன்னிரண்டு மணி கடந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. அப்போது அவருடைய காலடியில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு கறுப்பு வட்டம், ஒரு பக்கம் கான் பிடித்த கை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே கிடந்தது. உச்சி வெயிலில் நடக்கிறவனுக்கு அவ்வளவுதான் நிழல். கிளிபோட் யோசிக்கவில்லை. காலை நகர்த்தி அதன்மேல் ஏறி நின்றார். ஜூலி எழும்பி ஓடிவந்து, "வரேல்லை! இஞ்சருங்கோ, அவன் வரேல்லை!" என்று அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு அவர் கண்டதில்லை. அவர் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் கிளிபோட் தேத்தண்ணிக் கோப்பையோடு புத்தக அலுமாரியடியில் போய் நின்றார். ஜூலி மரியோவின் படத்தை எடுத்து மெலனியின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பனிக்கால உடுப்பு மலிவு விற்பனையில் அவனுக்கென்று ஒரு ஜக்கெட் வாங்கினாள், தோள் பொருந்துமோ என்று கவலைப்பட்டாள். மன்னாரிலிருக்கும் சின்னம்மா மங்கையற்கரசிக்குப் போன் எடுத்து, பெடியன் எங்கேயோ சிறையில் இருக்கிறான், நான் வாறன், காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு ரோட்டில் குந்தியிருக்கிற தாய்மாரோடு நானும் குந்தப்போறன் என்றாள். பக்கத்தில் நின்று கேட்ட கிளிபோட்டுக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை அமைச்சர்களை அவர் பொய்யர் என்று நிறுவியிருப்பார். அவர்களில் ஒருவர்கூட சாட்சியத்தை இப்படிச் சொந்தக் காலால் மிதித்துக்கொண்டு நின்றதில்லை. இன்றைக்குச் சொல்லுவோம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தார். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்து விட்டுவிட்டார்.

வைகாசியில் டவுன்ரவுனில் ஒரு பல்கலைக்கழகம் அவரைப் பேசக் கூப்பிட்டது. மறுக்க முடியவில்லை. ஒரு மண்டபம் நிறைந்த மாணவர்களுக்கு, நிழலைக்கொண்டு போர்க்குற்றங்களை நிறுவும் விதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதைக் கண்டார். அதற்குப் பிறகு என்ன பேசினார் என்று அவருக்கு நினைவில்லை. சப்வேயில் கென்னடி ஸ்டேஷனுக்கு வந்து, பஸ் பிடித்து, லிஃப்ட் வர முந்திப் படியால் ஏறி மூச்சு வாங்கக் கதவைத் திறந்தார். ஜூலி புத்தக அலுமாரியடியில் அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் கார்பெட்டில் இருந்தாள். வட்டம் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்திருந்தாள்.

"நீங்கள் ஏன் ஒவ்வொரு நாளும் இதிலை நிக்கிறனீங்கள் எண்டு நானும் வந்து நிண்டு பாத்தன்" என்றாள்.

"ஜூலி, நான் சொல்லத்தான் இருந்தனான்."

"காலாலை உழக்கிக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள். அவனை." அவளுடைய குரல் உயரவில்லை. "நானும் பேயச்சி மாதிரி ஜக்கெட் வாங்கி வச்சிருக்கிறன்."

கிளிபோட் அவளுக்கு முன்னால் இருந்து அழுதார். அவள் அவருடன் அன்றைக்கும் அடுத்த பல வாரங்களுக்கும் பேசவில்லை. பயணத்தை நிறுத்தினாள். ஜக்கெட்டை ஹபீபுல்லாஹ்வின் மகன் பாஹிமுக்குக் கொடுத்தாள், அவனுக்குத் தோள் அளவாக இருந்தது. கோயிலுக்குப் போய்ச் சித்திரையில் ஒரு நாளைச் சொல்லி மரியோவின் பெயரைப் பதிந்தாள். அந்தப் படத்தை எடுத்துச் செத்தவர்களின் படங்களுக்கு நடுவில் கொழுவினாள். கிளிபோட் வீடியோவைப் பற்றிய அறிக்கையை எழுதி முடித்து உரிய இடங்களுக்கெல்லாம் அனுப்பினார். கிடைத்தது என்று சில இடங்களிலிருந்து மறுமொழி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலி திரும்ப வாய் திறந்தது ஆடி மாதத்தில், கட்டடத்தின் ஏசி பழுதாகி எல்லோரும் வெந்துகொண்டிருந்தபோது. மத்தியானம் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தபடி, "நெடுக உச்சி வெய்யிலுக்கையே நிக்கிறான்" என்றாள். "தலையிலை துவாய் மட்டும்தான். தண்ணியும் தூக்கிக்கொண்டு. இத்தினை மரம் வருகுது இந்த வீட்டுக்கை, ஒண்டாவது அவனுக்கு மேலை விழுகுதில்லை." வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். "நீங்கள் ஒரு மரம் பாருங்கோ. மத்தியானத்திலை எரிஞ்ச மரமாப் பாருங்கோ. பெரிய மரமா."

கிளிபோட் அன்றைக்கே கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தார். சூரியன் உச்சியில் நிற்கும் நாடுகளாகப் பார்த்து, மத்தியானத்தில் குண்டு விழுந்த ஊர்களாகப் பார்த்து, கிளை பரப்பிய மரங்கள் நின்ற முற்றங்களாகப் பார்த்துத் தேடினார். தேடிக் களைக்க வேண்டி வரும் என்று நினைத்திருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே மூன்று மரங்கள் அகப்பட்டன. பள்ளிக்கூட முற்றமொன்றில் நின்ற மாமரத்தைத் தெரிந்தெடுத்து, நாளையும் நேரத்தையும் பிசகில்லாமல் நிறுவினார். அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு அதன் நிழல் புத்தக அலுமாரியடியில் விழுந்து, சோபாவரைக்கும் பரந்து நின்றது. மரத்தோடு பிள்ளைகள் சிலரும் வந்திருந்தார்கள். மாமர நிழலுக்குள் எது மரியோ என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போதும் ஒவ்வொரு மத்தியானமும் ஜூலி ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு அங்கே இருக்கிறாள். கிளிபோட் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறார், நிழலை மிதிக்காமல் சுற்றிப் போய்.