முன் சீட்டின் அளவு

“மூணு மடங்குங்க. விளையாட்டா?”

“இன்னும் முடிவு பண்ணல. யோசனைதான்னு போட்டிருக்கான்.”

“அவங்க யோசிச்சாலே நமக்குப் பாதி முடிஞ்ச மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டி எதுவா இருந்தாலும் வரி மூணு மடங்கு. அபூர்வமான வண்டி, பழைய காலத்துப் பெருமைன்னு சொல்லியும் தப்பிக்க முடியாதாம். இந்தாங்க, கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

“நம்ம வண்டி புகைகூட விடாதேம்மா.”

வண்டி விடவில்லைதான். அவளுக்குத்தான் ஒன்பது வருடமாகக் காதில் புகை வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் செய்தித்தாளை நான்காக மடித்தாள். விரித்துப் படிக்க அந்தக் காரின் முன் சீட்டில் இடம் கிடையாது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் போய் முட்டும். பக்கத்தில் வண்டி ஓட்டும் அவள் கணவரின் நிலைமை இன்னும் மோசம். ஆறடி மனிதர், ஸ்டியரிங்குக்குக் கீழே கால்களை அகட்டி மடக்கி, டப்பாவில் அடைத்த வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காலத்துக் கார் அது. முன்பக்கம் தனித்தனி சீட் இல்லை. சோபா போல ஒரே நீளச் சீட். நகர்த்தினால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நகரும். ஆனால் நகராது. “அடியில இருக்கற கம்பி துருப்பிடிச்சு இறுகிப்போச்சு” என்று கல்யாணமான முதல் வாரமே கணவர் சொல்லிவிட்டார். சீட் அப்படி முன்னால் வந்து நின்றது அவருடைய காலுக்காக அல்ல, இவளுடைய காலுக்காகவும் அல்ல. கணவரின் முதல் மனைவியின் காலுக்காக.

இவள் ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடச் சீருடைகளுக்குத் துணி வெட்டுகிறவள். ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பளவு, கையளவு, காலளவு எல்லாம் அவள் கண்ணில் விழுந்துவிடும். டேப் எடுப்பது வாடிக்கையாளரின் திருப்திக்குத்தான். முதல் மனைவியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. வீட்டில் கிடந்த ஒரே புகைப்படத்திலும் அந்தப் பெண் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் சீட்டின் விளிம்புக்கும் பெடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துப் பார்த்து, இவள் அந்தக் கால்களை முழுதாகத் தெரிந்துவைத்திருந்தாள். கேட்டால் ஒரு பாவாடையே வெட்டித் தந்துவிடுவாள். சில ராத்திரிகளில் தூக்கம் வராமல், தன் நீளக் கால்களைப் போர்வைக்கு வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒரு மனிதனின் நினைவில் இடம் பிடிக்க எந்த நீளம் தோதானது என்று யாராவது எங்கேயாவது அளந்து வைத்திருப்பார்களா என்று தோன்றும்.

கார் அந்தப் பெண்ணுடையது. அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. சண்டை சச்சரவு பெரிதாக எதுவும் இல்லாமல், ஒத்துவரவில்லை என்று இரண்டு பெட்டிகளோடு அவள் பஸ் ஏறியபோது, “வண்டிய நீயே வெச்சுக்கோ” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். பதிவு இன்றும் அவள் பேரில்தான். வருடா வருடம் வரி கட்டுவது மட்டும் இவர். ஞாயிறானால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மென்மையான துணியால் துடைப்பார், எண்ணெய் விடுவார், சாப்பாடு ஆறிப்போகும். அவர் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். தன் வாயை மட்டும் அவர் சுலபத்தில் திறப்பதில்லை.

மறுநாள் தையல் கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உனக்காகவே சட்டம் போடறாங்க போல இருக்கே மாஸ்டர்.”

“சும்மா இருங்கக்கா.”

“நான் சும்மாதான் இருக்கேன். உன் முகந்தான் பளபளன்னு இருக்கு. ஒன்பது வருஷமா நீ அழுது பார்த்த, மொறச்சுப் பார்த்த. ஒண்ணும் நடக்கல. இப்போ பாரு, வரி போடறவன் வந்து மூத்தாளைத் துரத்தறான்.”

“நான் எங்க அழுதேன்?”

“கத்திரி அழுதுதே. அந்த வண்டியில வந்து இறங்கற அன்னிக்கெல்லாம் துணியை நீ வெட்டற வெட்டுல எனக்கே பயமா இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே இனித்தது. பொறாமைக்காரி என்ற பேர் எடுக்காமலே காரியம் முடியப்போகிறது. வரிதான் விற்கச் சொல்கிறது, தான் சொல்லவில்லை.

அன்று மாலையிலிருந்து அவள் அந்த வரியை விடவில்லை. சோறு போடும்போது வரி, விளக்கை அணைக்கும்போது வரி. அவர் “பார்க்கலாம்” என்றார். பிறகு “சரி பார்க்கலாம்” என்றார். கடைசியில் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே “வித்துடலாம்” என்றார். அவள் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சினிமாக்காரர்களுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடும் ஒருவர் வந்து பார்த்தார். சுற்றி வந்தார், பானெட்டைத் திறந்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார். “எனக்குச் சம்மதம். ஆனா யார் பேர்ல இருக்கோ அவங்க வந்து கையெழுத்துப் போடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. துரத்துகிற ஜோரில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யாரை வாசலைவிட்டு அனுப்ப வரியைத் துணைக்கு அழைத்தாளோ, அவளையே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக வீட்டுக்குள் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கணவர் போனை எடுப்பதாய் இல்லை. எண்ணை மட்டும் தடங்கலின்றி ஒப்பித்தார். பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடமாக. இவளேதான் பேசினாள். மறுமுனையில் ஒரு குரல், “அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றது.

ஞாயிறு காலையில் அவள் நல்ல புடவையைக் கட்டி, கொஞ்சம் அதிகமோ என்று அவிழ்த்து, சாதாரணப் புடவையைக் கட்டி, மறுபடியும் நல்லதையே கட்டினாள். மணி அடித்தது. கதவைத் திறந்ததும் கண் தானாக அளவெடுத்தது. ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. குள்ளமான, கொஞ்சம் பூசினாற்போன்ற, நரைக்குச் சாயம் அடிக்காத ஒரு பெண். செருப்பைக் கழற்றும்போது பாதம் தெரிந்தது. சின்னப் பாதம். இதற்காகத்தானா என்று இருந்தது.

“உள்ள வாங்க.” அக்கா என்று சேர்த்துச் சொல்ல நாக்கு மடங்கவில்லை.

“வர்றேங்க. நீ ஏன்டா இப்படி இளைச்சுப்போயிட்ட?” என்றாள் வந்தவள், இவளைத் தாண்டிப் பின்னால் பார்த்து.

இந்த வீட்டில் அவரை இவள் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் குட்டைப் பெண் ஒரே மூச்சில் நீ, டா இரண்டையும் போட்டுவிட்டாள். அதற்கு அவர் சிரிக்க வேறு செய்தார், தானே செய்துகொண்ட பல் மாதிரி வரிசை பிசகாத சிரிப்பு.

காபியைக் கையில் வாங்கியதும் வந்தவள் சொன்னாள். “பஸ்ல ரேடியோ வெச்சிருந்தான். அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வெச்சுட்டாங்களாம். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் கூடிக் கூச்சல் போட்டாங்க போல. அப்பவும் விக்கணுமா?”

கேள்வி இரண்டு பேரையும் பார்த்துத்தான் வந்தது. கணவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்தை அவள் பார்த்தாள்.

“விக்கணும்” என்றாள், அவர் வாயைத் திறப்பதற்குள். “இன்னிக்கு நிறுத்தினவன் நாளைக்குப் போடமாட்டானா?”

“அதுவும் சரிதான்” என்றாள் வந்தவள். காகிதங்களில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது கையை ஆட்டி வேண்டாம் என்றாள். பேனாவை மூடியபின் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். “போறதுக்கு முன்னால ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கட்டுமா?”

மூவரும் ஷெட்டுக்குப் போனார்கள். இடுக்கு வழியாக வந்த வெயில் காரின் கூரைமேல் பூனை போலப் படுத்திருந்தது. வந்தவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஒன்றையும் சரிசெய்யவில்லை. நகரவில்லை, நெளியவில்லை. கால் போய்ப் பெடலில் படிந்தது, உறைக்குள் தலையணை நுழைவது மாதிரி. இத்தனை வருடம் அந்த இடைவெளிக்கு இவள் மனதில் வெட்டி வைத்திருந்த பாவாடைக்குள் அந்தப் பெண் கச்சிதமாகப் போய்ப் புகுந்துகொண்டாள்.

“நீங்களும் ஏறுங்களேன், சேர்ந்தே போகலாம்.”

இவள் அந்தப் பக்கம் ஏறினாள். முழங்கால் வழக்கமான இடத்தில் இடித்தது.

வந்தவள் திரும்பிப் பார்த்தாள். “அடக்கடவுளே, உங்களுக்கு இவ்வளவு நீளமான கால். இப்படியா உட்காருவீங்க? பின்னாடி தள்ளிக்கக் கூடாதா?”

“நகராது. அடியில துரு.”

“துருவா? யார் சொன்னா?”

வந்தவள் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். டிக் என்று ஒரு சத்தம். பாதத்தை ஊன்றி லேசாகத் தள்ளினாள். நீளச் சீட் முழுவதும், அவர்கள் இருவரையும் சுமந்துகொண்டு, தண்ணீரில் படகு நழுவுவதுபோலப் பின்னால் போய் நின்றது. ஒரு முனகல் இல்லை. இவள் கால்கள் தாமாக நீண்டன. அந்தக் காரில் முதல் தடவையாக.

“நல்லாத்தானே இருக்கு. கிரீஸ்கூடப் போட்டு வெச்சிருக்கான்” என்று சொல்லிக் கையை வெளியே எடுத்து விரலைப் பார்த்தாள் வந்தவள். விரலில் புதுக் கிரீஸ், தேன்போல. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மெதுவாக ஏதோ புரிந்தது. ஷெட் வாசலில் நின்ற அந்த ஆறடி மனிதரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இவளைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் சின்னக் குரலில். “சத்தியமா. எனக்கு வீடு, புருஷன், எல்லாம் இருக்கு.”

“உங்களை யார் என்ன சொன்னாங்க” என்றாள் இவள்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தவளுக்குப் போய்விட்டது. இறங்கும்போது, பழக்கம்தானோ, பதற்றம்தானோ, கை தானாகக் கீழே போய்ச் சீட்டைப் பழையபடி முன்னால் இழுத்துவிட்டது. இவள் முழங்கால் மீண்டும் இடித்தது. வந்தவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

இவள் காரிலேயே இருந்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. மாற்றி மாற்றிக் கட்டிய நல்ல புடவை, இடித்து இடித்துத் தழும்பேறிய முழங்கால், ஒன்பது வருடமும் சாத்திய கதவுக்குப் பின்னால் விடப்பட்ட எண்ணெய் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. காகிதங்கள் மேசைமேல் தயாராக இருந்தன. நாளைக்கே வண்டி போய்விடும். போனால்? அந்த இடைவெளி ஷெட்டில் நிற்காது, அவ்வளவுதானே. அவருக்குள் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். வரிமேல் பழிபோட்டு விற்று என்ன லாபம்? வரிகூட இப்போது இல்லை.

அவர் அந்தப் பக்கக் கதவருகே வந்து நின்றார். குனியவில்லை. சட்டையின் கீழ்ப்பாதியும் கதவுப் பிடியைப் பற்றிய கையும் மட்டும் தெரிந்தன. பல்லுக்கு அச்செடுக்கும் கை, நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

“விக்கறதும் விக்காததும் உங்க இஷ்டம். நான் இனிமே அதைப் பத்திப் பேசமாட்டேன்” என்றாள்.

கை அசையவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. உள்ள வந்து உட்காருங்க. உட்கார்ந்து, உங்க கையால இந்தச் சீட்டைப் பின்னாடி தள்ளுங்க.”