வெட்டாமல் விட்ட வால்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஐம்பது வயது. அவருடைய அம்மாவுக்கு ஐம்பத்திரண்டில் மறதி தொடங்கி, கடைசியில் பெற்ற மகளையே யார் என்று கேட்டாராம். அதிலிருந்து அக்காவுக்கு ஒரே பயம், தனக்கும் அது வந்துவிடும் என்று. எதையும் எழுதி வைப்பார். கோட்டுப் பையில் ஒரு நோட்டு, மேசையில் ஒரு நோட்டு, ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க மஞ்சள் சீட்டு. நாங்கள் கிண்டல் செய்வோம். அதிகம் செய்தது நான்தான்.

ரத்த மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து இயந்திரத்துக்குத் தயார் செய்வது அக்காவின் வேலை. இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்துத் தருவதைக் கணினியில் சுத்தம் செய்வது என்னுடையது. ஆர்.என்.ஏ. துண்டை அப்படியே படிக்க முடியாது. முனையில் அடாப்டர் என்று ஒரு செயற்கை வாலை ஒட்ட வேண்டும். எங்கள் துண்டுகள் இருபத்திரண்டு எழுத்துதான் இருக்கும். இயந்திரமோ ஐம்பது எழுத்து படித்தால்தான் ஓயும். துண்டு முடிந்த பிறகு வாலையும் சேர்த்துப் படித்து வைக்கும். அந்த வாலை நான் வெட்டி எறிய வேண்டும். வாலும் ரசாயனங்களும் ஒரே பெட்டியாக வருவதுதான் கிட். கிட் மாறினால் வாலின் எழுத்தும் மாறும். ஒன்பது வருடமாக இதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை நோயாளிகள் பன்னிரண்டு பேரின் ரத்தத்திலும் யாரும் பார்க்காத ஒரு ஆர்.என்.ஏ. கிடைத்தது. நோயில்லாதவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. அக்காவுக்கு மூன்று வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் முன்னால் சொல்வதாக ஏற்பாடு.

புதன்கிழமை அவருக்குப் படம் போட்டுக் கொடுக்கும்போதுதான் அந்த எழுத்துகளை நிதானமாகப் பார்த்தேன். எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த கிட்டின் கையேட்டைப் புரட்டினால், நான்காம் பக்கத்தில் அதே இருபத்தொரு எழுத்து, ஒன்றுகூடப் பிசகாமல். நோயாளிகளின் மாதிரிகளை மட்டும் அக்கா புதுக் கிட்டில் செய்திருக்கிறார். நான் பழைய வாலையே வெட்டச் சொல்லிக் கணினியில் ஓட்டியிருக்கிறேன். சரியான வாலைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். கண்டுபிடிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது.

போய்ச் சொன்னேன்.

“கிட் மாறினத உன்கிட்ட சொன்னேனே தம்பி.”

“இல்லக்கா. சொல்லியிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேனா?”

அவர் நோட்டைப் புரட்டினார். ‘கிட் மாற்றம், தம்பியிடம் சொல்ல’ என்று எழுதியிருந்தது. செய்து முடித்ததற்கெல்லாம் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். அதில் டிக் இல்லை. நோட்டை மூடிவிட்டார்.

அந்த நிமிடம் வரை நான் பொய் சொல்லவில்லை. என் இடத்துக்குத் திரும்பி, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய மெயிலைத் தேடினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. “தம்பி, பழைய கிட் தீந்துடுச்சு. நோயாளிங்க மாதிரி எல்லாம் புதுசுல பண்றேன். வால் வேற, கையேட்டுல நாலாம் பக்கம்.” அதற்குக் கீழே, ஒரே நிமிடத்தில் நான் போட்ட பதில்: “சரிக்கா.” படிக்காமலே போட்ட சரி. நாளைக்கு நாற்பது சரி போடுகிற ஆள் நான்.

அக்காவும் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அவர் தேடவில்லை. தன் ஞாபகத்தைவிட என் பேச்சை நம்பினார். வியாழன் முழுக்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா எழுந்து நின்றார். “புது ஆர்.என்.ஏ. எதுவும் இல்ல. அது வெட்டாம விட்ட அடாப்டர். கிட் மாத்தினத நான் சொல்ல மறந்துட்டேன்.” இயக்குநர், “நல்லவேளை, வெளிய போகல” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். யார் தலையும் உருளவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கம்கெட்டவன்.

மத்தியானம் கை கழுவப் போனேன். பக்கத்து மேசையில் அக்கா பிளாஸ்டிக் குழாய்களைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை நான் லீவு தம்பி.”

“எங்கக்கா போறீங்க?”

“நரம்பு டாக்டர்கிட்ட. அம்மாவுக்கும் இப்படி ஒரு சின்ன விஷயத்துலதான் ஆரம்பிச்சது. எழுதி வெச்சும் மறந்திருக்கேன் பாரு. பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல. பயந்துடுவா.”

ஒரு குழாயை எடுத்தார், எண்ணைப் பார்த்தார், வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்து எண்ணைப் பார்த்தார்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஈரக்கையோடு போனை எடுத்து, அந்த மெயிலைத் திறந்து நீட்டினேன்.

இரண்டு தடவை படித்தார்.

“இத எப்ப பாத்த?”

“புதன்கிழமையே.”

திட்டுவார் என்று நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது.

“அப்ப நான் சொல்லியிருக்கேன்.”

“சொல்லியிருக்கீங்கக்கா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன்.