கீழறைக்குப் போட்ட பலகை

எங்கள் வீட்டுக் கீழறையில் மனிதர் படுத்ததில்லை. மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் வேலை கிடைத்து வடக்கிலிருந்து வந்த அப்பா, மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, மேலே வீடும் அதன் கீழே ஓர் அறையுமாகக் கட்டினார். அந்த அறையின் பின்சுவர் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருக்கும். விறகும் தேங்காயும் அங்கே கிடந்தன. அவற்றைக்கூட அப்பா தரையில் வைக்க விடமாட்டார். கல் அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல்தான் வைக்க வேண்டும். வெறும் சிமெந்துத் தரை மழைக்கு நனைந்து கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. விறகு வைக்கும் இடம் விறகு வைக்கும் இடமாகவே இருந்தது.

அதற்கு ‘பேஸ்மென்ட்’ என்று பெயர் வைத்தவன் என் தம்பி மகன் தனுஜன்.

அவன் டொரோன்டோவில் இருப்பவன், நாற்பதைக் கடந்தவன். தம்பி இறந்தபின் வீட்டில் பாதி அவனுக்கு. அந்தப் பாதியைப் பார்க்க வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமல் சுவாமி அறை வாசல்வரை நடந்தான். பிறகு கீழே இறங்கிப் போய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

“என்ன பெரியப்பா, இவ்வளவு பெரிய எடத்தச் சும்மா போட்டு வச்சிருக்கீங்க! அங்க நம்ம ஆக்கள் எல்லாரும் பேஸ்மென்ட்டத்தான் வாடகைக்குக் குடுக்கிறாங்க. நானே போன புதுசுல ஆறு வருஷம் பேஸ்மென்ட்லதான் இருந்தேன்.”

“நெலத்துக்குக் கீழ இருக்கிறதுக்கா மாடி வீட்ட விட்டுட்டு அவ்வளவு தூரம் போன?” என்று கேட்டாள் என் மனைவி மங்கையற்கரசி.

அவன் பெரிதாகச் சிரித்தான். இகழ்ச்சி விளங்காதவனை இகழ்வது வீண் வேலை என்று நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. இரண்டு கம்பி யன்னல்களையும் கண்ணாடி போட்டு அடைத்தான், ஏசி பூட்டுவதற்காம். வீட்டின் பின்னால், வெட்டிய மலைக்கும் சுவருக்கும் நடுவில், அப்பா கல் பதித்துக் கட்டிய கான் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் மலையிலிருந்து கசியும் தண்ணீர் அதன்வழியே ஓடி வீதிக்கு இறங்கும். தனுஜன் அதைக் கொங்கிறீட்டால் மூடினான். கதிரை போட்டு உட்கார்ந்து இறைச்சி சுட அவனுக்கு இடம் தேவைப்பட்டது. முட்டையைக்கூட வாசலுக்குள் விடாத மனிதர் கட்டிய வீட்டில்!

“அது தண்ணி போற வழி” என்றேன்.

“பெரியப்பா, இப்ப எல்லாத்துக்கும் மெம்பிரேன் இருக்கு.”

மெம்பிரேன் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆனால் ஒன்று செய்தேன். ஒரு துண்டுப் பொலித்தீனைக் கீழறைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அதன் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தனுஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது காத்துல உள்ள ஈரம், பெரியப்பா.”

காற்றிலுள்ள ஈரம் பொலித்தீனுக்கு மேலே பிடிக்குமா, கீழே பிடிக்குமா? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கனடாப் பிரசைக்குத் தெரியவில்லை.

கண்டியிலிருந்து ஒருவன் வந்து பலகை போட்டான். பலகை என்று சொல்வது மரத்துக்கு மரியாதையில்லை. மரத்தூளை அழுத்தி, அதன்மேல் மரத்தின் படத்தை ஒட்டிய சாமான் அது. அடியில் மெல்லிய பஞ்சுத்தாள் ஒன்று. தனுஜன் எங்கள் இருவரையும் அதன்மேல் நடந்து பார்க்கச் சொன்னான்.

“கல்யாண ஆல்பத்துக்கு மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்றாள் மங்கையற்கரசி. அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

மழை இறங்கியது. முதலில் பலகைகளின் ஓரம் உதடு வீங்கியதுபோல் எழும்பியது. பிறகு நடந்தால் ‘சப்’ என்றது. பிறகு மணம்: உலராமல் மடித்து வைத்த துணியின் மணம். தனுஜன் மூலைக்கு மூலை வாசனைக் குப்பி வைத்தான். ஈரம் உறிஞ்ச ஒரு மெஷினும் கொழும்பிலிருந்து வந்தது. அதன் வாளியைக் காலையும் மாலையும் வெளியே ஊற்றுவது என் மனைவியின் வேலையாயிற்று.

“மாடு கறந்தாச்சுங்க” என்று தினமும் வந்து சொல்வாள்.

இந்த நிலையில் தனுஜன் வாடகைக்கு ஆள் பிடித்தான். இரத்தோட்டைப் பக்கமிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஷியாமளா என்ற ஆசிரியை. கணவன் தோட்ட ஒப்பீஸில் வேலை. சிறு பிள்ளை ஒன்று. ஞாயிறு பூசை முடிந்து இடம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்று காலை தனுஜன் வீங்கிய இடத்தின்மேல் ஒரு கம்பளத்தை விரித்துவிட்டு என்னிடம் வந்தான்.

“பெரியப்பா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். வேட்டிய உடுத்துட்டு பக்கத்துல நின்னாப் போதும். ஒங்களப் பார்த்தாலே நம்பிருவாங்க.”

கம்பளம் போதாமல் என்னையும் அந்த ஈரத்தின்மேல் விரிக்கப் பார்க்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆளை வெளி ஆளின் முன்னால் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பாவும் அவருடைய தம்பியும் பேசாமல் இருந்த காலத்தில்கூட, யாராவது கேட்டால் “தம்பி நல்லா இருக்கிறான்” என்பார். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஆகவே வேட்டி உடுத்தி, கைத்தடியை எடுத்துக்கொண்டு, வாயை மூடியபடி கீழே இறங்கினேன்.

ஷியாமளா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கை லேசாகச் சுருக்கினாள்.

“புள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வரும். அதான் கேக்கிறேன், ஈரம் ஏதாவது இருக்குங்களா?”

“ஈரமா?” என்றான் தனுஜன். “அந்தா மெஷின் ஓடுது பாருங்க. எல்லாம் கனடா ஸ்டாண்டர்ட்.”

“அண்ணன், நான் சேர்கிட்ட கேக்கிறேன்” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். “எங்கப்பா காணி விசயமாக் கச்சேரிக்கு நடையா நடந்தப்ப, எல்லாரும் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு அலைய விட்டாங்களாம். சேர் ஒருத்தர்தான், ‘இது கெடைக்காது, வீணா வராதீங்க’ன்னு மொகத்துக்கு நேரே சொன்னீங்களாம். அப்பா இன்னும் சொல்லுவாரு. இந்த வீடுன்னதும் அதனாலதான் வந்தேன்.”

அவளுடைய அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அப்பாவைப்போல் நானும் கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில், கிடைக்காது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தனுஜன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். தரகன் மாட்டுச் சந்தையில் காட்டுவதுபோல், என் தம்பியின் மகன் எனக்குக் கண் காட்டினான்.

“மிஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன்.

கைத்தடியால் கம்பளத்தை ஒதுக்கி, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஊன்றி அழுத்தினேன். மண்ணிறத் தண்ணீர் பொங்கி வந்து தனுஜனின் சப்பாத்தை நனைத்தது. தடியின் முனையை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். தேநீரில் நனைத்த பிஸ்கட்போலப் பலகை பிய்ந்து வந்தது. அடியில் பஞ்சுத்தாள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.

“இருக்கு” என்றேன்.

ஷியாமளா குனிந்து அந்தக் கறுப்பைப் பார்த்தாள். பிறகு தனுஜனிடம், “அண்ணன், அங்க ஒங்க புள்ளைங்களையும் இப்பிடி எடத்துலதான் படுக்க வைக்கிறீங்களா?” என்று கேட்டாள். “வர்றேங்க சேர்” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் அவனுக்கு வாய் வந்தது.

“வெளி ஆளுக்கு முன்னால குடும்ப மானத்த வாங்கிட்டீங்களே, பெரியப்பா!”

“மானத்துக்கு ஒண்ணும் ஆகல்ல. வாடகைக்குப் போக இருந்ததக் காப்பாத்தியிருக்கேன்.”

மறுநாளே ஆள் பிடித்துப் பின்பக்கக் கொங்கிறீட்டை உடைப்பித்தேன். கான் திறந்த இடத்தில் தண்ணீர் கலங்கலாக வீதிப்பக்கம் ஓடத் தொடங்கியது. யன்னல் கண்ணாடிகளையும் கழற்றுவித்தேன். பெயர்த்த பலகைகளைப் பின்பக்கம் யார் கண்ணிலும் படாமல் போடும்படி தனுஜன் கெஞ்சினான். நான் முன்வாசலில், அப்பாவின் பெயர் பொறித்த கேற்றுக்குப் பக்கத்தில், வீதியால் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி அடுக்கச் சொன்னேன். அந்தப் பெயருக்குக் கீழே ஒளித்து வைக்க எங்களிடம் எதுவும் கிடையாது.

“என்ன சாமான் இது, மிஸிஸ்?” என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

“கனடாவுல இருந்து வந்தது” என்பாள் மங்கையற்கரசி.

அடுப்புக்கு ஆகுமென்று பக்கத்து வீட்டார் ஒரு கட்டு எடுத்துப் போனார்கள். அது எரியாமல் நாறியதாம். அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்.

தனுஜன் குறித்த நாளுக்கு முன்பே புறப்பட்டான். பயணப்பெட்டியை வான் வண்டியில் ஏற்றிவிட்டு அந்தப் பலகைக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

“பெரியப்பா, இப்ப புதுசா ஒரு வகை வந்திருக்கு. முழுக்கப் பிளாஸ்டிக். தண்ணியே ஏறாது. அடுத்த முறை வரக்குள்ள அதப் போட்டுப் பார்ப்போம்.”

“வா,” என்றேன். “கைத்தடி இங்கதான் இருக்கும்.”