வாய்தாவுக்கு ஓர் அர்ச்சனை

முனிரத்தினம் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டார். சட்னி தரையில் சிந்தியது.

"இன்னா சொன்ன?"

"பொய் சொல்லி வாய்தா வாங்க மாட்டேன், மாமா. சீனியர்கிட்ட நேத்தே சொல்லி, கேஸ் கட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்." என்றாள் நிஷா. கறுப்புக் கோட்டை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வூட்டு மருமவ வக்கீலு, வூட்டு கேசுல நிக்க மாட்டாளாம்! அப்போ என் தங்கச்சி பக்கம் போய் நிப்பியா?"

"அதுவும் மாட்டேன். உங்க பக்கத்து விஷயமெல்லாம் எனக்குத் தெரியும். அத்தைகிட்ட ஒரு வார்த்த சொன்னாலும் அது துரோகம்."

அடுப்படியில் நிஷாவின் மாமியார் இருமினாள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய தங்கை மலர்க்கொடி கணவனை இழந்தவள், வாலாஜாபாத்தில் வாடகைக்கு இருப்பவள். அப்பா வீட்டில் தனக்கும் பங்கு உண்டென்று வழக்குப் போட்டிருந்தாள். "கட்டிக் குடுத்த பொண்ணு. பொங்கலுக்குப் பொடவ குடுக்கலாம், பங்கு குடுப்பாங்களா?" என்பது அண்ணனின் நியாயம். மலர்க்கொடி கூண்டேறிச் சாட்சி சொல்லியாகிவிட்டது. முனிரத்தினத்தின் வக்கீல் சூர்யநாராயணன் அவளைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டியதுதான் பாக்கி. அவர் செய்யவில்லை. அலைந்து அலைந்து அவளே விட்டுவிடுவாள் என்பது கணக்கு.

வாய்தா கேட்க அவரிடம் ஜூனியராக நிஷா இருந்தாள். "பொம்பளப் புள்ள எழுந்து நின்னா ஜட்ஜ் கோவிச்சுக்க மாட்டாரு" என்பது அவர் கொள்கை. எந்தச் சாட்சியிடமும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. சீனியருக்குக் காய்ச்சல், சீனியர் வேறு கோர்ட்டில், சீனியரின் மாமியார் தவறிவிட்டார் என்று அவர் சொல்லியனுப்பியதை நம்பிச் சொன்னாள். மாமியார் இரண்டாவது முறை தவறியபோதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் பர்சானா கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

போன தடவை சீனியரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மலர்க்கொடி ஓடிவந்து, நிஷாவின் கையில் துளசிப் பொட்டலம் ஒன்றை வைத்தாள்.

"சுந்தரவரதர் கோயில்ல அந்தம்மா பேருக்கு அர்ச்சன பண்ணிக்கினு வர்றேன் கண்ணு. பேரு தெரியல, 'வக்கீல் சம்சாரம்'னு சொன்னேன். சாமிக்குத் தெரியாதா இன்னா?"

நிஷா பொட்டலத்தோடு சீனியர் வீட்டுக்குப் போனாள். நோயாளி ஸ்டூல்மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு அர்ச்சனையா? யாரும்மா பண்ணது?" என்று அவர் கேட்டபோது, நிஷா பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

இன்று வேறு வழியில்லாமல் சூர்யநாராயணனே கோர்ட்டுக்கு வந்தார்.

"நாங்க தயார், ஐயா" என்றாள் பர்சானா.

"என் மனைவி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். ஒரு வாய்தா..."

"ஐயோ, இன்னுமா தேறல?" மலர்க்கொடி பதறி எழுந்தாள். "எந்த ஆஸ்பத்திரிங்க? கஞ்சி வச்சு எடுத்துக்கினு போறேன்!"

நீதிபதி பேனாவை வைத்தார். "சொல்லுங்கள், எந்த ஆஸ்பத்திரி?"

சூர்யநாராயணன் கைக்குட்டையைத் தேடினார். கடைசி பெஞ்சில் நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் முட்டியது. ஆண்டவனுக்கும் அன்று விளையாட்டுப் புத்தி வந்திருக்க வேண்டும். வாசலில் ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏங்க, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்களே! அது இல்லாம எப்படிப் படிப்பீங்க?"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டவாலிச் சேவகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்தாள்.

"பெருமாளே! எழுந்து நடந்தே வந்துட்டாங்களே!"

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். துளசி அனுப்பியது யார் என்று புரிந்துவிட்டது. கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "கேளுங்க, அவங்கள எதுக்குக் காக்க வைக்கிறீங்க?"

"வேண்டுதல் பலித்துவிட்டது. கண்ணாடியும் வந்துவிட்டது" என்றார் நீதிபதி. "விசாரணையை ஆரம்பியுங்கள்."

சீனியருக்குக் கேள்வி தோன்றவில்லை. கட்டைப் புரட்டிவிட்டு, "நீங்கள் முனிரத்தினத்தின் கூடப்பிறந்த தங்கைதானா?" என்றார்.

"பின்ன? எங்கண்ணனுக்குக் காச்சல்னா எனக்குச் சோறு எறங்காதுங்க."

குறுக்கு விசாரணை அத்துடன் முடிந்தது. தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள்.

"இனிமே வேற லேடி ஜூனியர்தான் பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார் சீனியர்.

"பாருங்க சார். நான் இனிமே கேள்வி கேக்கற வேலை பாக்கப்போறேன்" என்றாள் நிஷா.

மலர்க்கொடி வராந்தாவில் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தாள். அந்த அம்மாளுக்காக நேர்ந்துகொண்டு, காலையில் கோயிலில் படைத்து எடுத்துவந்த புளியோதரை. எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். கடைசியாக, தூணோரம் ஒதுங்கி நின்ற அண்ணனிடம் வந்தாள். வீட்டு விசேஷங்களில் தாம்பாளத்தைத் தொடக்கூடாது என்று அவர் ஒதுக்கிவைத்த கைகள் அவை. கோயில் பிரசாதத்தை எப்படி மறுப்பது? வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணா, மொகமே சரியில்ல? ஒடம்புக்கு எதனா பண்ணுதா?" அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் மலர்க்கொடி. "சொல்லு. போற வழிதான், உன் பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணிட்டு பஸ் ஏறிடறேன்."

முனிரத்தினத்தின் வாயில் இருந்த கவளம் உள்ளே இறங்கவில்லை.