என் லாரியில் ஏறிய கோழி

இப்போதெல்லாம் ஜனங்கள் எதற்கெடுத்தாலும் கைதட்டுகிறார்கள். மைக் வேலை செய்தால் கைதட்டல். மேடையில் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால் அதற்கும் ஒரு கைதட்டல். நான் காலம் பூராவும் லாரி ஓட்டினவன். பிரேக் பிடிக்காத வண்டியை மலைப்பாதையிலிருந்து பத்திரமாக இறக்கி நிறுத்திய அன்றுகூட ஒரு பயல் கைதட்டவில்லை. ஏன் லேட்டு என்றுதான் முதலாளி கேட்டார்.

எங்கள் சம்பந்தி கைதட்டலிலேயே காலம் தள்ளுகிறவர். என் மகளின் மாமனார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா கிடக்காமல் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எழுத ஆரம்பித்தார். இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள். போகும்போது தலையில் ஒரு சிவப்புத் தொப்பி வேறு. இந்த வயசில்.

அவர் தொப்பி, அவர் தலை, எனக்கென்ன? ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேத்தி. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி விட்டதும் ஸ்கூட்டரில் ஏற்றிவருவது நான். சாப்பாடு ஊட்டுவது நான். சனி, ஞாயிறு மட்டும் அவர் வீட்டில் இருப்பாள். திங்கட்கிழமை வரும்போது வாயைத் திறந்தால் 'அந்தத் தாத்தா'தான்.

என்னிடம் புத்தகம் கிடையாது. ஒரே ஒரு கதை உண்டு. ரிவர்ஸ் எடுக்காத லாரி. முன்னால் போகச் சொன்னால் போகும்; பின்னால் போ என்றால் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். கேபினில் ஒரு கோழி உட்கார்ந்து வழி சொல்லும், எல்லாவற்றையும் தப்பாக. பிறகு ஊரையே சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வாலு வாங்கும் ஒவ்வொரு வாய்க்கும் லாரி ஒரு தெரு போகும். இந்த ஒன்றில் சம்பந்தியால் என்னை அசைக்க முடியாது என்று இருந்தேன்.

போன மாதம் வாலுவின் பள்ளிக்கூடத்திலேயே அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களும் வரலாமாம். பேத்தியைக் கூட்டிவரத்தான் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, முன்னதாகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் நாற்காலி. முட்டி தாடையை இடித்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் பள்ளிக்கூடங்களில் சொல்லிப் பார்ப்பார். பிள்ளைகள் நெளிகிற இடத்தை வெட்டிவிடுவார். நடுவில் யாராவது எதையாவது கத்தினால் அதையும் கதையில் சேர்த்துக்கொள்வார். மருமகன் இதைப் பெருமையாகச் சொல்வான்.

"ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். "அதுக்குப் பின்னாடி போறதுன்னாலே பிடிக்காது."

நான் சோறு ஊட்டும்போது சொல்கிற அதே லாரி. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வாலு பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள், என்னவோ முதல் தடவை கேட்கிற மாதிரி. லாரி முறைப்பதை அவர் செய்து காட்டினார். என்னைவிட நன்றாகவே முறைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்துவிட்டேன். "யோவ் வாத்தியாரே! அது என் லாரி!"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். சம்பந்தி கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அட, டிரைவரே வந்துட்டாரு! ஐயா, இங்க வண்டிய நிறுத்தக் கூடாது. கொஞ்சம் பின்னாடி எடுங்க!"

"எடுக்க மாட்டேன்!" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தால் தலைமையாசிரியை அம்மா, "ரெண்டு பேரும் எத்தன தடவ ஒத்திகை பார்த்தீங்க சார்?" என்று கேட்டார். ஒத்திகையாம்.

சம்பந்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "பிரமாதம் சம்பந்தி! அடுத்த ஸ்கூலுக்கும் வாங்களேன்."

"என் கதையத் தூக்கிட்டுப் போயி, என்னையே எடுபிடிக்குக் கூப்பிடறீங்களா?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "வாலு சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்க லாரின்னும் சொன்னா. புத்தகத்துல நம்ம ரெண்டு பேர் பேரையும் போடணும்னு நெனச்சிட்டிருக்கேன். பாதி உங்களுது, பாதி என்னுதுதானே?"

"பாதி எப்படி உங்களுது?"

"கோழி?"

"கோழிக்கு என்ன?"

"அது என் கோழி சம்பந்தி. தப்புத் தப்பா வழி சொல்ற கோழி. போன புத்தகத்துலயே வந்திருக்கே!"

அவர் புத்தகம் எதையும் நான் திறந்ததில்லை. திறப்பதாகவும் இல்லை.

வாலு எங்கள் நடுவில் வந்து நின்றாள். "சண்டை போடாதீங்க. லாரி இந்தத் தாத்தாவோடது. கோழி அந்தத் தாத்தாவோடது. நான்தான் தூக்கி லாரியில வெச்சேன்."

"எப்போடி வெச்சே?"

"கேபின்ல யாரு இருக்கான்னு கேட்டேன். யாருமில்லன்னீங்க. லாரி பாவம், தனியா போகுது. கோழி இருக்குன்னு சொன்னேன். சரி, இருந்துட்டுப் போகட்டும்னீங்க."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காலமெல்லாம் வாத்தியாராக இருந்தவருக்கு ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"பேரு போடறதா இருந்தா என் பேரு மேல வரணும்," என்றேன்.

"மேலயே போட்டுடலாம் சம்பந்தி."

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் என் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"இப்ப நீ யாரோட வரே?" என்று வாலுவைக் கேட்டேன்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூணு பேரும் அந்தத் தாத்தா கார்லயே போலாமே?"

அந்தத் தாத்தா கார். ஸ்கூட்டர் தெருக்கோடியில் நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"டிரைவர் சார், கொஞ்சம் பின்னாடி வாங்க!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். வாலுவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

நான் திரும்பவில்லை. அந்தக் கோழியை யாரும் தூக்கி வைக்கவில்லை. என் லாரியில் அது தானாகத்தான் ஏறியது.