பெரிய வளைவின் வேலைநிறுத்தம்

பெரிய வளைவு காலையிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தது. அதற்கு இழைக்கப்பட்ட அநீதிகளைச் சங்கத் தலைவர் மருதாசலம் பட்டறையின் நடுவில் நின்று வரிசை மாறாமல் சொன்னார்.

முதலாவது, அதை வளைத்த நாளில் உள்ளே நிரப்பிய மணல் ஈரம். வளைக்கும்போது பைப் நசுங்காமலிருக்க மணல் நிரப்புவார்கள். காயவைத்து நிரப்புவதுதான் மரியாதை. இரண்டாவது, ஒரு வார்த்தை கேட்காமல் மஞ்சள் பெயின்ட் அடித்தது. மூன்றாவது, வாளையாறு சரிவில் வண்டி முதல்முறை கவிழ்ந்தபோது, பிழைத்த நவநீதன் மருதமலைக்குப் போய் மொட்டை போட்டது. வளைவை ஒரு துணியால் துடைக்கக்கூட இல்லை. நான்காவது, இரண்டாம்முறை கவிழ்ந்த பின் சூடு காட்டாமல் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தியது. ஐந்தாவது, மூன்றாம்முறை கவிழ்ந்து, வளைவு ஒரு சாண் உள்ளே அமுங்கி, நவநீதன் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் வெளியே வந்தபோது, மாலையை ஹெல்மெட்டுக்குப் போட்டது. ஆறாவது, அதன் காதுபட, "இதை அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டுரு" என்று சொன்னது.

"இரும்புக் கடைப் பேச்சு மாலை போடறதுக்கு முன்னாடியே வந்துருச்சுங்க தலைவரே" என்றாள் செல்வநாயகி. பட்டறை அவளுடையது. நவநீதன் அவள் தம்பி.

வண்டியின் இரும்புக் கூட்டிலிருந்த மற்ற பைப்புகள் தங்களுக்குள் பேசி, அவள் சொல்வது சரிதான் என்றன. வரிசை பிசகினால் அநீதி அநீதியாக நிற்காது. மருதாசலம் முதலாவதிலிருந்து மறுபடியும் சொன்னார்.

காட்டுப் பந்தயத்துக்கு ஓடும் பக்கி வண்டி நான்கு மரக்கட்டைகள் மேல் நின்றது. சக்கரமும் இன்ஜினும் கழற்றிய வெறும் கூடு. அதில் பெரிய வளைவு என்பது ஓட்டுகிறவனின் இருக்கைக்குப் பின்னால், இடப்பக்கத் தட்டிலிருந்து எழுந்து, அவன் தலைக்கு மேல் போய், வலப்பக்கத் தட்டில் இறங்கும் ஒரே துண்டு பைப். வண்டி காட்டிலும் மேட்டிலும் ஓடிக் கவிழும்போது அவன் தலை தரையில் படாமல் பார்ப்பது அதன் வேலை. அமுங்கிய வளைவைப் பந்தயப் பரிசோதகர் ஏற்க மாட்டார். அவர் பொழுதோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அந்த இடத்தில் யாராவது நிற்காவிட்டால் வண்டி முழுவதும் இரும்புக் கடைக்குப் போகும், வளைவும் சேர்ந்து.

மருதாசலத்துக்குப் போராட்டம் புதிதல்ல. மில்லில் அவர் நடத்திய போராட்டங்கள் எல்லாமே தோற்றன. மில் மூடி அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பிய பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. பட்டறைப் பைப்புகள் மட்டும் கூப்பிட்டுத் தலைவராக வைத்துக்கொண்டன. தோற்றதற்காக அவர் யாரிடமும் முகம் வாடி நின்றதில்லை. கூட நின்று காட்டிக்கொடுத்தவர்களின் பெயர்களை மட்டும், குளிக்கும்போது ஒருமுறை, தனக்குள் சொல்லிக்கொள்வார்.

"சரிங்க, என்னதான் வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் செல்வநாயகி.

"அதுக்கே வாய் இருக்குது. நீங்களே கேளுங்க."

பெரிய வளைவு அதிகம் பேசும் பழக்கமில்லாதது. இப்போது வாய் திறந்தது. "கடைக்கு மட்டும் வேண்டாமுங்க. அங்க போனா கம்பியா இழுத்துருவாங்க. கம்பியானா ஒருத்தரையும் நெனப்பிருக்காது."

நவநீதன் தலை குனிந்தான். மொட்டை போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

செல்வநாயகி கெட்ட நிர்வாகமல்ல, அவசரக்கார நிர்வாகம். புதுப் பைப் ஒன்றை நேற்றே வளைத்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாள். பழைய வளைவைக் கழற்றி ஓரமாகப் படுக்கவைத்து, புதியதை அந்த இடத்தில் நிறுத்தி, நான்கு இடத்தில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்தாள். மருதாசலம் தடுக்கவில்லை. "கருங்காலி" என்று மட்டும் சொன்னார், மூன்று முறை, புதுப் பைப்பின் முகத்துக்கு நேராக. மற்ற பைப்புகள் அதன் கையைப் பிடிக்க மறுத்தன. வெல்டிங் ஆறியதும் பொருக்குபோல உதிர்ந்து விழுந்தது. புதுப் பைப் சுவரோரம் திரும்பிப் போய்ச் சாய்ந்துகொண்டது.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. டீ வந்தது. பெரிய வளைவு டீ வேண்டாம் என்றது.

வளைவு கடைக்குப் போகாது. உடம்பு தேறும்வரை மருதாசலத்தின் வீட்டில் ஓய்வெடுக்கும். தேறி வந்தால் அதே இடம் அதற்குத்தான். இவ்வளவையும் செல்வநாயகி ஒப்புக்கொண்டாள். மருதாசலம் டீயைக் குடித்து முடிக்கும்வரை அதை நம்பவில்லை. அவர் கேட்ட எதையும் இதற்குமுன் யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

"அதுவரைக்கும் அந்த எடத்துல யாருங்க நிக்கறது?" என்று கேட்டாள்.

"உறுப்பினர்தான் நிக்கணும். வெளியாள் கூடாது. அதுல சங்கம் ஒரு நூல்கூட எறங்காது."

"உறுப்பினருங்க எல்லாம் ஆளுக்கொரு வேலையில இருக்காங்களே. யாரைக் கழட்டறது?"

யாரைக் கழற்றினாலும் அந்த இடம் காலியாகும். பைப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஸ்டியரிங்குக்குக் கீழே கிடக்கும் சின்னக் குறுக்குப் பைப், வாய்த்துடுக்கு கொண்டது, கேட்டது: "தலைவரும் உறுப்பினர்தானுங்களே?"

"உறுப்பினர்தான்" என்றார் மருதாசலம்.

"சும்மாதான நிக்கறாரு?"

"பேசிட்டிருக்கேன்."

"பேசறதை அங்க நின்னுட்டும் பேசலாமுங்க."

மருதாசலம் ஓரமாகப் படுத்திருந்த பெரிய வளைவைப் பார்த்தார். அமுங்கிய இடத்தில் மஞ்சள் பெயின்ட் பிளந்து உள்ளிருந்த இரும்பு தெரிந்தது. வெளியே நிழல் நீண்டுகொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

டேப் வைத்து அளந்தபோது உயரம் போதவில்லை. "கையைத் தூக்கச் சொல்லுக்கா" என்றான் நவநீதன். கையைத் தூக்கியபோது அளவு சரியாக வந்தது.

செல்வநாயகி மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவைத்தாள். மருதாசலம் அதை டம்ளர் டம்ளராகக் குடித்தார். நான்காவது டம்ளருக்குக் கொஞ்சம் உப்பு கேட்டார். கால்விரல்வரை நிரம்பிவிட்டதா என்று நவநீதன் மரச்சுத்தியால் தட்டிப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே இன்னும் ஒரு டம்ளர் போகும் என்றான். அதுவும் போனது.

வளைக்கும் மெஷினில் அவரை அவசரமில்லாமல் வளைத்தார்கள். எங்கும் மடிப்பு விழவில்லை. பிறகு பாதங்கள் இடப்பக்கத் தட்டில், உள்ளங்கைகள் வலப்பக்கத் தட்டில், இடுப்பு இருக்கைக்கு நேர் மேலே என்று நிறுத்தினார்கள். செல்வநாயகி முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

"தலைவரே, சுடுங்க. சொல்லிட்டேன்."

"தெரியும். வேலையைப் பாருங்க."

மற்ற பைப்புகள் உடனே பிடித்துக்கொண்டன. ஒரு வெல்டிங்கூட உதிரவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து யாரோ வாழ்க என்றார்கள். மருதாசலத்துக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. செல்வநாயகியின் பட்டறை அப்படிப் பார்க்கும்போது மில்லைவிடப் பெரிதாக இருந்தது.

பெரிய வளைவைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். நவநீதன் மருதாசலத்தின் மனைவி ராசம்மாளுக்குப் போன் செய்தான்.

"கட்டில்ல கொள்ளுமா?" என்று கேட்டாள் ராசம்மாள்.

"குறுக்கால போட்டா கொள்ளுமுங்க."

"சரி, ரெண்டு கதவையும் தெறந்து வெக்கறேன். அவரு எப்ப வர்றாரு?"

"அவரு டூட்டியில இருக்காருங்க."

"பரவால்ல, இப்பவாச்சும் ஒரு வேலை கெடச்சுதே" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

ஆட்டோ கிளம்பும்முன் பெரிய வளைவு போர்வைக்குள்ளிருந்து ஏதோ சொன்னது. இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. நவநீதன் ஓடிப்போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்தான். "எறக்கத்துல கவிழ்றப்ப எடது தோளைக் கொஞ்சம் முன்னால குடுக்கணுமாமுங்க தலைவரே." மருதாசலம் சரி என்றார்.

பரிசோதகர் இம்மானுவேல் சொன்னபடியே பொழுதோடு ஸ்கூட்டரில் வந்தார். கூட்டை ஒருமுறை சுற்றி வந்து, சின்னச் சுத்தியால் மருதாசலத்தின் விலாவில் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"ஒரே துண்டுதானே?"

"ஒரே துண்டுதானுங்க" என்றாள் செல்வநாயகி.

"முழங்கால்ல மூட்டு இருக்குதே. பெரிய வளைவுல ஒட்டு இருக்கக் கூடாதுன்னு விதி."

"அது பொறவியிலயே வந்தது" என்றார் மருதாசலம் தலைகீழாக. "வெட்டி ஒட்டினதுக்குத்தான் விதி. என்னை இதுவரைக்கும் யாரும் வெட்டல."

இம்மானுவேல் யோசித்தார். நியாயமாகப் பட்டது. "தோல் கனம்?"

"அதெல்லாம் ரொம்பவே கனமுங்க. எத்தனையோ வருசமா பாக்கறேன்" என்றாள் செல்வநாயகி. பரிசோதகர் அளக்காமலே சரி என்றார்.

வண்டி தேறியது. ஆனால் சங்கம் இருக்கும் வண்டிக்குச் சங்கத் தலைவரின் பெயரையும் சாட்சிகள் முன்னால் வாசித்தாக வேண்டும். மருதாசலம் தன் பெயரைச் சொல்ல வாய் திறந்தார். சின்னக் குறுக்குப் பைப் முந்திக்கொண்டது.

"சுமை தாங்கறவங்க தலைவரா இருக்கக் கூடாதுங்க. தாங்கறவங்களுக்குத் தலையைத் திருப்ப முடியாது."

அது சங்கத்தின் விதிதான். கூட்டிலிருந்த எல்லோரும் சுமை தாங்குகிறவர்கள். இப்போது மருதாசலமும். பட்டறையில் சுமையில்லாமல் இருந்தது ஒன்றுதான், சுவரோரம் சாய்ந்திருந்த புதுப் பைப்.

"அது உறுப்பினரே இல்ல" என்றார் மருதாசலம்.

"தலைவர் வெளியிலிருந்து வரலாமுங்க. வந்ததும் உறுப்பினர் ஆயிருவாங்க. நீங்களும் அப்படித்தான வந்தீங்க?"

அப்படித்தான் வந்தார். ஆதரிப்பவர்கள் குரல் கொடுக்கலாம் என்றது குறுக்குப் பைப். பைப்புகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. கடைசியாக, இருக்கைக்கு மேலேயிருந்து, மருதாசலமும் கொடுத்தார்.

காலையிலிருந்து யாரும் புதுப் பைப்பிடம் பெயர் கேட்கவில்லை. செல்வநாயகி அருகில் போய்க் கேட்டாள். அது மெல்லிய குரலில் சொன்னது. அவள் வந்து பரிசோதகரிடம் சொன்னாள்.

இம்மானுவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சாட்சிகள் எல்லோரும் இருக்கிறார்களா என்று கூட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சத்தமாக வாசித்தார்.

"சங்கத் தலைவர், பூங்கோதை."